ஒரே ஒரு விசயம் சொல்லு

கானா பாடக் கூப்பிட்ட சாவு வீட்டுக்கு வந்ததும் அவர் பாட ஆரம்பித்துவிட மாட்டார். டோலக்கும் ஆர்மோனியமும் வைத்திருக்கும் கூட்டாளிகள் பந்தல் ஓரம் உட்கார்ந்து மைக்கை சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் மாலையைப் போட்டுவிட்டு, செத்தவருக்கு மிகவும் வேண்டியவர் யார் என்று கூட்டத்தில் கண்ணாலேயே தேடுவார். கண்டுபிடித்ததும் அவர் முன்னால் போய்க் குந்துவார்.

"ஒரே ஒரு விசயம் சொல்லு. பேரு வேணாம், வயசு வேணாம், எத்தினி புள்ளைங்கன்னு வேணாம். வேற யாருக்கும் தெரியாத ஒரு விசயம்."

சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டார். பறை அடிப்பவர்கள் அடித்து ஓய்வார்கள், பூ வண்டி வந்து நிற்கும், சொந்தக்காரர்கள் நேரமாகிறது என்று முணுமுணுப்பார்கள். அவர் குந்தியே இருப்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது அப்படித்தான். திருவேற்காட்டில் எங்கள் தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர் இறந்துபோயிருந்தார். அவர் மனைவி அழுது ஓய்ந்து, தரையைப் பார்த்தபடி இருந்தார். முன்னால் இவர் குந்தியிருந்தார். மூட்டை தூக்கித் தூக்கி வலது தோளில் காய்ப்புக் கட்டியிருந்த பெரிய உடம்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றும் வேலை என்று பிறகு தெரிந்தது. அந்த அம்மா கடைசியில் வாய் திறந்தார்.

"தூங்கும்போது கூட துணி மடிப்பாருண்ணா. போத்திக்கினு கீற போர்வைய எடுத்து நாலா மடிச்சு என் தலைமாட்டுல வெச்சிடுவாரு. அப்புறம் குளுருல சுருண்டுகினு கெடப்பாரு. எழுப்புனா தெரியாதும்பாரு."

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். மைக்கைப் பிடித்தார். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அத்தனை மெல்லிய குரல் வரும் என்று நான் நினைக்கவில்லை. அடுத்த அறையில் யாரோ தூங்குவது போலப் பாடினார்.

தூக்கத்துல துணி மடிச்ச கையி – இன்னிக்கு
நெஞ்சு மேல மடிஞ்சு கீது தாயி
போர்வ எல்லாம் அவளுக்குன்னு கொடுத்தான் – அவன்
குளுருக்குள்ள சுருண்டுகினு படுத்தான்

அந்த அம்மா மறுபடியும் அழுதார். ஆனால் அது வேறு அழுகை. அழுகையின் நடுவே, "ஆமாண்ணா, அப்டியேதான்" என்று சொல்லிக்கொண்டார்.

நான் அப்போது எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறை வைத்திருந்தேன். இப்போதும் அதுதான் என் பிழைப்பு. ஆடி மாதத்தில் அம்மன் பாட்டு, மற்ற நாட்களில் வேலப்பன்சாவடிக் கல்லூரிப் பிள்ளைகளின் காதல் பாட்டு, நடுவில் ஷேர் ஆட்டோவில் ஒலிபரப்பும் விளம்பரம். ஒரே அம்மன் பாட்டில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மூன்று கோவில்களுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு பாட்டை ஒரே ஒருவருக்காகத் தைக்கலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மாங்காட்டிலிருந்து ஆவடி வரை அவரை எல்லோரும் அண்ணாத்தே என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவர் மனைவி வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி விடுதியில் தரை துடைக்கும் வேலையில் இருந்தார். விடுதிக் காவலாளி ஒருவர் தனியாளாக இறந்துபோனபோது, தூக்கிப்போட ஆளில்லாமல் கிடந்தவருக்காகத் தன் புருஷனை வரச் சொன்னது அந்த அம்மாதான். இவர் வந்தார். வேண்டியவர் என்று யாரும் இல்லை. விடுதி மாணவிகள் தூரத்தில் நின்றார்கள். இவர் ஒவ்வொருத்தியிடமும் போய்க் கேட்டாராம். எல்லோரும் "நல்லவரு அங்கிள்" என்றார்கள். "நல்லவருன்னு ஊர்ல எல்லாருந்தாம்மா. வேற சொல்லு" என்று நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறார். கடைசியில் ஒரு பெண், "தெரு நாய்ங்களுக்கு வணக்கம் சார்னு சொல்லிட்டுதான் சோறு வைப்பாரு" என்றாள். அது போதுமாக இருந்தது. அன்றைக்கு அந்தப் பாட்டைக் கேட்டு மாணவிகள் சிரித்துக்கொண்டே அழுததை அவர் மனைவி என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் அந்த அம்மாவின் முகத்தில் ஒரு பெருமை இருக்கும்.

அவர் என் மாடிக்கு வந்தது ஒரு மழைநாள் மத்தியானம். தலையில் பிளாஸ்டிக் பை. மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறியதால் என்று நினைத்தேன்.

"எனக்கு ஒண்ணு பாடி வெச்சுடலாம்னு பார்க்கறேன் பாப்பா."

"ஆல்பமாண்ணா?"

"இல்ல. எனக்கு. நான் போனப்புறம் போடறதுக்கு."

நுரையீரல் என்றார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாராம். "சுட்ட கத்திரிக்கா மாதிரி கீது பாப்பா, ரெண்டும்." சொல்லிவிட்டு, அந்த உவமை சரியாக வந்துவிட்டது போலக் கொஞ்சம் சந்தோஷப்பட்டார்.

"உங்க செட்டு ஆளுங்க பாடமாட்டாங்களா?"

"பாடுவானுங்க. நல்ல பசங்கதான். ஆனா கேக்க மாட்டானுங்க. 'வள்ளலே, வானமே'ன்னு எல்லாருக்கும் பாடறதையே பாடிட்டு பிரியாணி துன்னப் போய்டுவானுங்க."

பேசிக்கொண்டிருக்கும்போதே கீழேயிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"கீழ அம்மனுக்கு வெளக்கு எரியுது. மேல சாவுப் பாட்டா? ஊட்டுக்குள்ளயா? அறிவு கீதா உனக்கு?"

என் பின்னாலேயே அவரும் படியிறங்கி வந்துவிட்டார். கோபமில்லை. "நியாயந்தான் தங்கச்சி. எந்த வூட்டுலயும் எனக்கு போய்ட்டு வரேன்னு சொல்லிப் பழக்கம் இல்ல. போறேன்." பிளாஸ்டிக் பையைத் தலையில் மாட்டியவர், சுவரில் அப்பாவின் படத்தைப் பார்த்து நின்றார்.

"மச்சானா?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

"அவரப் பத்தி ஒரே ஒரு விசயம் சொல்லேன் தங்கச்சி."

அம்மா திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அவருக்குக் கல்யாணத்தப்ப எழுதப் படிக்கத் தெரியாதுண்ணா. மாமனாரு, மாமியாரு எல்லாம் கயனில கூலிக்குப் போனவங்க. இவரு ஃபேக்டரில சேந்தப்புறம்தான் எழுத்துக் கூட்டிக் கத்துக்கினாரு. அதுலருந்து பஸ்ஸுல போனா கடைப் பேர எல்லாம் படிச்சிகினே வருவாரு. வாய்க்குள்ளதான். ஆவடில ஏறுனா பூந்தமல்லி வரைக்கும் ஒரு கடைய விட மாட்டாரு. நான் அவரு தோள்ல சாஞ்சு தூங்கிடுவேன். தூக்கத்துல கடை கடையா கேட்டுகினே வரும். கண்ணத் தொறக்காமலே இன்னா ஸ்டாப்புன்னு தெரியும் எனக்கு." அப்பாவின் படத்தைப் பார்த்தாள். "இப்பவும் பஸ்ஸுல கண்ண மூடுனா கேக்குது."

எனக்கு இது தெரியாது. அப்பா இறந்து அத்தனை வருஷம் ஆகியும் எனக்குத் தெரியாது. அப்பா தோளில் சாய்ந்து அம்மா தூங்குவாள் என்பதே தெரியாது.

"ஷோக்கா கீது தங்கச்சி" என்றார் அவர். பாடவில்லை. அதையே மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பவர் போலக் கண்மூடி நின்றார். பிறகு வாசலுக்கு நடந்தார்.

"மழைல எங்க போறீங்க?" என்றாள் அம்மா. "மேல போங்க. கதவச் சாத்திக்கினு பாடுங்க."

அந்த மழைக்காலம் முழுவதும் அவர் மத்தியானங்களில் வந்தார். என் அறையின் சுவர்களில் பழைய மெத்தைகளை அறைந்திருந்தேன். நடுவில் ஒரு கனத்த திரை. திரைக்கு அந்தப் பக்கம் பாடுபவர், இந்தப் பக்கம் நானும் கம்ப்யூட்டரும். பதிவின்போது மின்விசிறியை நிறுத்த வேண்டும். நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம் மெத்தைகளுக்குள் புதைந்து, எங்கோ தண்ணீருக்கு அடியில் போவது போலக் கேட்கும். அந்தப் புழுக்கத்தில் அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இழுவை எடுப்பார். அழகாக எழும். வார்த்தை வர வேண்டிய இடத்தில் நின்றுவிடும்.

"வேற யாருன்னாலும் பாடிடுவேன் பாப்பா. இவன எனக்குத் தெரியல."

தன்னைப் பற்றி ஒரு விசயம் அவருக்குக் கிடைக்கவில்லை. எல்லோரிடமும் கேட்டுவிட்டு வந்து என்னிடம் சொல்வார். டீக்கடைக்காரர், "நீ டீ ஆறுனப்புறம்தான் குடிப்ப அண்ணாத்தே" என்றாராம். "ஒரு தபா வாய சுட்டுக்கினவன் எல்லாம் அப்டித்தான் குடிப்பான்" என்று தள்ளிவிட்டார். ஆர்மோனியக்காரர், "நீ கடல் மாதிரி" என்றதற்குக் கெட்ட வார்த்தை சொல்லியிருக்கிறார். என்னிடமும் கேட்டார். நான் யோசித்து, "நீங்க கேக்கற ஆளுண்ணா. எல்லாரும் சொல்ற ஆளு, நீங்க கேக்கற ஆளு" என்றேன். நல்ல பதில் என்று நினைத்திருந்தேன்.

"அது தொழிலு பாப்பா. ஆளச் சொல்லு."

"அண்ணியக் கேளுங்களேன்."

அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டார். "அவளாண்ட எப்டிக் கேக்கறது? இந்தக் கேள்வி எங்க கேக்கறதுன்னு அவளுக்குத் தெரியாதா?" வீட்டில் நோயைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. ஆல்பம் பாடப் போவதாகத்தான் சொல்லியிருந்தார். "அவ காலேஜ் பூரா சொல்லிகினு கீறா, எங்க வூட்டுக்காரு ஆல்பம் பாடறாருன்னு. கேண்டீன்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

சில நாள் பாடாமலே தூங்கிவிடுவார். மாத்திரைத் தூக்கம். மைக்குக்கு முன்னால் நாற்காலியில் தலை சாய்ந்திருக்கும். எழுப்ப மனம் வராமல் பதிவை ஓடவிட்டிருப்பேன். கம்ப்யூட்டர் திரையில் அவர் மூச்சு சின்னச் சின்ன அலையாகப் போய்க்கொண்டிருக்கும். தூக்கத்தில் முணுமுணுப்பார். யாரையோ நகர்ந்து உட்காரச் சொல்வார். ஒரு நாள் விழித்ததும் சுற்றிலும் பார்த்தார்.

"வந்திருந்தாங்க பாப்பா. நான் பாடுனவங்க எல்லாம். செவத்தோரம் வரிசையா குந்திகினு இருந்தாங்க. இடம் பத்தல."

"இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. இஸ்திரிக்காரரு உன் திரைய மடிக்கப் பார்த்தாரு, நான்தான் வேணாம்னேன். வாட்ச்மேன் வாசல்லயே நின்னுகினாரு, உள்ள வரல." ஒரு சினிமாவைச் சொல்வது போலச் சொன்னார். பயமில்லை. "எல்லாம் என்னையே பார்த்துகினு கீறாங்க. நான் பாடுவேன்னு."

அதற்கு மறுவாரம் ஒரு மத்தியானம் அவர் மனைவி படியேறி வந்தார். நீலச் சீருடை, கையில் சாப்பாட்டு டப்பா. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் புருஷன் ஆல்பம் பாடுவதைப் பார்க்க வந்திருந்தார். அண்ணாத்தே திரைக்கு அந்தப் பக்கம் இருந்தார். "எப்டிப் பாடறாரு? நல்லா வருதா?" என்று அந்த அம்மா ரகசியமாகக் கேட்டார். நான் என்னவோ உளறினேன். மனைவியின் குரல் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து, மைக் வழியாக, என் ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

"பாப்பா, அவளாண்ட கேளு. என்னப் பத்தி ஒரே ஒரு விசயம் சொல்லச் சொல்லு."

முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்க முடியாது என்று நினைக்கிறேன். அதனால்தான் அப்படிக் கேட்டார்.

அந்த அம்மா டப்பாவை என் மேசைமேல் வைத்தார். அது சாய்ந்துவிடாதபடி நகர்த்தி வைத்தார். பிறகு திரையைப் பார்த்துப் பேசினார்.

"கல்யாணம் ஆன நாள்லருந்து இந்த வார்த்தைய கேட்டுகினு கீறேன். எந்த வூட்ல கேப்ப, எப்பக் கேப்பன்னு எனக்குத் தெரியாதா?"

உள்ளே நாற்காலி கிரீச்சிட்டது.

"எத்தினி நாளா?"

"மழைக்கு முன்னாடிலருந்து."

"எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரிஞ்சா நெசமாயிடும்னு..."

"சொல்ல மாட்டேன்" என்றார் அந்த அம்மா. நிமிர்ந்து நின்றார். "உயிரோட கீறவனப் பத்தி நான் எதுக்குச் சொல்லணும்? எந்திரிச்சு வா."

அவர் வந்தார். அவ்வளவு பெரிய மனிதர் தலையைக் குனிந்துகொண்டு திரையை விலக்கி வந்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தப்பாகப் போட்டிருந்தது. அந்த அம்மா அதைச் சரிசெய்தார். இரண்டு பேரும் மழையில் இறங்கிப் போனார்கள். கீழே அம்மா குடை எடுத்து நீட்டியதைக் கூட அவர்கள் பார்க்கவில்லை.

பிறகு அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் இருந்ததாக டோலக் அடிப்பவர் சொன்னார். மழை ஓயும் சமயத்தில் இரண்டு பேரும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அவர் பாதியாகியிருந்தார். படியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறினார். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் கூடவே உட்கார்ந்தார்.

"எனக்கு வேணாம் பாப்பா" என்றார். "இவளுக்குப் பாடறேன். உயிரோட கீற ஆளுக்கு இதுவரைக்கும் பாடுனது இல்ல. எப்டி வருமோ."

திரையைக் கட்டிவைக்கச் சொன்னார். அந்த அம்மா தரையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டோலக் இல்லை. அவர் நாற்காலிக் கையில் விரலால் தட்டிக்கொண்டார். இழுவை எடுக்க மூச்சில்லை. பேசுவது போலவேதான் பாடினார். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் காத்திருந்தோம்.

சாவு பாடி வந்து நானும் நிப்பேன் – நீ
தண்ணி மொண்டு சொம்போட நிப்ப
தலைமேல நீ ஊத்தும் நேரம் – ஏண்டி
கண்ண ரெண்டும் மூடிக்கினு நிப்ப?

பாதித் தண்ணி தோளு மேல போச்சு – மீதி
பக்கத்தூட்டுக் கோலத்துல போச்சு
கேக்காமலே காலம் ஓடிப்போச்சு – இப்ப
கேக்கச் சொல்லி முட்டுதடி மூச்சு

சாவு வீட்டிலிருந்து வந்தால் குளிக்காமல் உள்ளே போகக் கூடாது. வாசலில் நிற்க வைத்து அந்த அம்மாதான் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றும்போது கண்ணை மூடிக்கொள்வார். அத்தனை வருஷமும் இவர் அதைப் பார்த்திருக்கிறார், கேட்டதில்லை.

"அய்ய, இப்பக் கேக்கறதப் பாரு" என்றார் அந்த அம்மா. மைக் இந்தப் பேச்சையும் பிடித்துவிடுமே என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

"சாவூட்லருந்து வர. தலைமேல தண்ணி ஊத்தறேன். ஒரு நாளைக்கு இதே மாதிரி உன்ன நாற்காலில உக்கார வெச்சு என்ன ஊத்தச் சொல்லுவாங்களேன்னு மொத தபா ஊத்துனப்பவே தோணிச்சு. அப்புறம் எப்ப ஊத்துனாலும் அதே தோணிச்சு. அதான் மூடிக்குவேன்."

அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து அந்த அம்மாவைப் பார்த்தார்.

"சோப்பு நுரை கண்ணுல தெறிக்குதுன்னு மூடிக்கிறன்னு நெனச்சேன்டி" என்றார்.

அந்த அம்மா சிரித்துவிட்டார். அவரும் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. அது அடங்கியதும் நான், "நிறுத்தட்டுமாண்ணா?" என்றேன்.

"இரு பாப்பா. கொஞ்ச நேரம் ஓடட்டும்."

ஓடவிட்டேன். வெளியே மாடிக் குழாயிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த அம்மா எழுந்துபோய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் அங்கே பதிவு செய்த கடைசிப் பாட்டு அதுதான்.

பனிக்காலத்தில் ஒரு காலை அவர் போய்விட்டார் என்று செய்தி வந்தது. அம்மாவும் நானும் மாங்காட்டில் அவர் வீட்டுக்குப் போனோம். தெருவெல்லாம் ஆள். அவர் பாடி அனுப்பிவைத்தவர்களின் குடும்பங்கள். ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். செட்டு ஆட்கள் அந்தப் பாட்டு இருந்த பென்டிரைவை என்னிடம் கேட்டார்கள். நான் கையில் எடுத்தபோது அந்த அம்மா தலையை ஆட்டினார். "அது நாங்க ரெண்டு பேரும் பேசிக்கினது. தெருவுக்கு இல்ல." திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

குளிப்பாட்ட அவரை வாசலில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சேலைகளால் மறைப்புக் கட்டினார்கள். பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். சொம்பை அந்த அம்மா கையில் கொடுத்தார்கள். அவர் குடத்துக்குள் கையை விட்டு, உடனே எடுத்துவிட்டார்.

"இன்னாடி இது, ஐஸு மாதிரி கீது?"

"செத்தவருக்கு பச்சத் தண்ணிதான் ஊத்துவாங்க" என்றார் ஒரு நாத்தனார், பக்குவமாக.

"இவருக்கு ஆவாது. மூட்ட மூட்டயா தூக்குன ஆளு, ஒரு சொம்பு பச்சத் தண்ணி மேல பட்டுச்சுன்னா கொயந்த மாதிரி கத்துவாரு. தெருவே எட்டிப் பார்க்கும். எத்தினி தபா நான் வேணும்னே ஊத்திக்கீறேன் தெரியுமா?"

யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் இன்னொருத்தி. நாத்தனாரும் சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தார். மறைப்புக்கு வெளியே டோலக்கின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவரின் கை நின்றுபோனது.

அந்த அம்மா உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தார். பறை ஓய்ந்திருந்தது. பூ வண்டிக்காரர் நேரமாகிறது என்று சொல்ல வாயெடுத்தார், என் அம்மா அவரைப் பார்த்த பார்வையில் பேசாமல் இருந்துவிட்டார். தண்ணீர் காய்கிற வரைக்கும் தெரு முழுக்கக் காத்திருந்தது.

ஆவி பறக்கும் குண்டானோடு வந்தார். குடத்துத் தண்ணீரில் கலந்து, குழந்தைக்குப் பார்ப்பது போல முழங்கையை நனைத்துப் பார்த்தார். ஒரு சொம்பு மொண்டு அவர் தலையில் மெதுவாக ஊற்றினார். நெற்றியிலிருந்து தாடை வரை தண்ணீர் வழிகிற வழியெல்லாம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே, "சூடு போதுமா?" என்று கேட்டார்.